1,100 ஏக்கரைக் கொடுத்த ஆர்க்கிடெக்ட்

செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் இருந்து சென்ட்ரலுக்கு யாராவது நடந்தே போயிருக்கீங்களா? ட்ரெயின் கேன்சல் ஆனா கூட நாம பஸ்ஸைத் தேடுவோம், ஷேர் ஆட்டோவைத் தேடுவோம், இல்லைன்னா அன்னைக்கு காலேஜுக்கே லீவு போட்டுட்டு படுத்துடுவோம். நடக்கணும்னு யாருக்கும் தோணாது. நானும் என் ரூம்மேட்டும் போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முயற்சி பண்ணிப் பார்த்தோம். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். ஆவடி வந்ததும் ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம், பேசாம டிக்கெட் எடுத்துட்டோம்.

எதுக்கு இந்த வேலைன்னு கேட்பீங்க. சுமார் 110 வருஷத்துக்கு முன்னாடி தென்னாப்பிரிக்காவில் ஒரு பண்ணை இருந்தது. அங்கிருந்து ஜோகன்னஸ்பர்க் நகரம் 21 மைல், அதாவது 34 கிலோமீட்டர். நமக்கும் சென்ட்ரலுக்கும் உள்ள தூரம் கிட்டத்தட்ட அதே அளவுதான். பண்ணையில் ஒரு விதி. பொது வேலையாகப் போனால் மட்டும்தான் ரயில், அதுவும் மூன்றாம் வகுப்பில். சொந்த வேலை, ஊர் சுற்றுவது என்றால் நடைதான். இரவு இரண்டு மணிக்குக் கிளம்பி ஆறு, ஏழு மணி நேரத்தில் நகரத்தை அடைந்து, அன்றைக்கே திரும்பி வந்துவிடுவார்கள். அந்தத் தூரத்தை மிக வேகமாக ஒருவர் கடந்த நேரம் 4 மணி 18 நிமிடம். அப்படி நடந்தவர்களில் நிறைய பேர் தமிழர்கள்.

அந்த விதிக்குக் கட்டுப்பட்டு நடந்தவர்களில் பண்ணையின் சொந்தக்காரரும் ஒருவர். நகரத்தில் நல்ல பெயர் எடுத்த ஆர்க்கிடெக்ட் அவர். பெயர் ஹெர்மன் காலன்பாக்.

நம்ம பாடப்புத்தகத்தில் காந்தியின் தென்னாப்பிரிக்கா ஒரு பத்தியில் முடிந்துவிடும். ரயிலில் இருந்து தள்ளிவிட்டார்கள், போராடினார், இந்தியா வந்தார். அடுத்த பக்கம் சம்பாரண். நடுவில் இருந்த 21 வருஷமும், அந்த வருஷங்களில் அவர் கூட இருந்தவர்களும் எங்கே போனார்கள் என்று யாரும் சொல்லித் தரவில்லை. நான் தேட ஆரம்பித்தது வேற காரணத்துக்காக. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு தகர ஷெட் டிசைன் பற்றித் தேடும்போது காலன்பாக் பெயர் எப்படியோ கண்ணில் பட்டது. ப்ராஜெக்ட் அப்படியே நிற்குது, இந்தக் கட்டுரை முடிஞ்சுடுச்சு.

காலன்பாக் பிறந்தது 1871. அன்றைக்கு ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த, இன்றைக்கு லிதுவேனியாவில் இருக்கும் ஒரு சின்ன ஊர். யூதக் குடும்பம். ஜெர்மனியில் கட்டடக்கலை படித்தார். 1896ல் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். ஜோகன்னஸ்பர்க் என்ற ஊருக்கே அப்போது வயசு பத்துதான். 1886ல் அங்கே தங்கம் கிடைத்தது, வெறும் புல்வெளியாக இருந்த இடத்தில் ஒரு நகரமே முளைத்தது. அப்படி ஒரு ஊருக்கு முதலில் யார் தேவை? கட்டடம் கட்டத் தெரிந்தவர். 2000த்தில் பெங்களூருக்குப் போன சாஃப்ட்வேர் ஆளை நினைச்சுக்கோங்க. காலன்பாக்கிடம் பணம் வந்தது, நிலம் வந்தது, பங்குதாரர்களோடு சேர்ந்து நடத்திய நிறுவனமும் பேர் வாங்கியது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. உடம்பை வைத்துக்கொள்வதில் ஆர்வம் அதிகம். அந்தக் காலத்தில் உலகத்துக்கே உடற்பயிற்சி குருவாக இருந்த சாண்டோவின் சீடர், குத்துச்சண்டையும் தெரிந்தவர்.

காந்தியை அவர் சந்தித்தது 1903, 1904 வாக்கில், கான் என்ற இந்திய வக்கீல் மூலமாக. காந்தியும் அப்போது அங்கே வக்கீல். புத்தரைப் பற்றியும் சைவ சாப்பாட்டைப் பற்றியும் ஆரம்பித்த பேச்சு நட்பானது. காலன்பாக்கின் ஆடம்பரத்தைப் பார்த்து காந்திக்கே தூக்கிவாரிப் போட்டதாம். தனி ஆள், வீட்டு வாடகை போக மாதம் 1,200 ரூபாய் தனக்கென்று செலவு செய்துகொண்டிருந்தார். ரெண்டு பேரும் ஒரே வீட்டில் வசிக்க ஆரம்பித்த பிறகு அது 120 ரூபாய்க்கு இறங்கியது. பத்தில் ஒரு பங்கு. அந்த வீடும் காலன்பாக் கட்டியதுதான். இரண்டு வட்டக் குடிசைகள் சேர்ந்தது போன்ற ஆப்பிரிக்கப் பாணி வீடு. இன்றும் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறது.

இனி பண்ணை எதற்கு வந்தது என்று பார்ப்போம்.

டிரான்ஸ்வால் மாகாணத்தில் இந்தியர்கள் எல்லாரும் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும், அந்தச் சான்றிதழை எப்போதும் வைத்திருக்க வேண்டும், போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும் என்று 1907ல் சட்டம் அமலுக்கு வந்தது. முடியாது என்றவர்கள் சிறைக்குப் போனார்கள். வியாபாரிகளில் பலர் கொஞ்ச காலத்தில் களைத்துவிட்டார்கள். தள்ளுவண்டியில் காய்கறி விற்றவர்கள், சின்னச் சின்ன வேலை பார்த்தவர்கள் விடவில்லை. அவர்களில் தமிழர்கள்தான் கடைசிவரை திரும்பத் திரும்ப உள்ளே போனார்கள். அவர்கள் தலைவர் தம்பி நாயுடு, மொரிஷியஸில் பிறந்தவர், பத்து தடவைக்கு மேல் சிறை கண்டவர். சிலரை அரசாங்கம் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கே நாடு கடத்தியது. அப்படி மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களுக்கு சோறும் துணியும் தங்க இடமும் பார்த்துக்கொண்டவர் ஜி. ஏ. நடேசன்.

ஆண்கள் உள்ளே போனால் வீடு? சம்பாத்தியம் நின்றுபோகும். குடும்பங்களுக்கு மாதாமாதம் பணம் கொடுத்து வந்தார்கள், அந்த நிதியும் தீர்ந்துகொண்டே வந்தது. எல்லாக் குடும்பங்களையும் ஒரே இடத்தில் வைத்து, அவர்களே உழைத்துச் சாப்பிட்டால் செலவு குறையும். காந்தி ஏற்கெனவே நடத்திய ஃபீனிக்ஸ் குடியிருப்பு 300 மைல் தள்ளி நேட்டாலில் இருந்தது. அவ்வளவு தூரம் தள்ளி இருந்தால் சிறையில் இருந்து வருபவர் எப்படி வீட்டைப் பார்ப்பார்?

1910 மே 30. காலன்பாக் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். லாலி ஸ்டேஷன் பக்கத்தில் அவர் வாங்கியிருந்த 1,100 ஏக்கர் நிலத்தை, போராட்டம் நடக்கும்வரை, வாடகையே இல்லாமல் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். சுமார் ஆயிரம் பழ மரங்கள், ஆரஞ்சு, ஆப்ரிகாட், ப்ளம். இரண்டு கிணறு, ஒரு ஊற்று. மலையடிவாரத்தில் ஆறு பேர் தங்கக்கூடிய ஒரு சின்ன வீடு. சில நாட்களிலேயே குடியேற்றம் ஆரம்பமானது. டால்ஸ்டாய் பண்ணை என்று பேர் வைத்ததும் காலன்பாக்தான். டால்ஸ்டாய் அதே வருஷம் நவம்பரில் இறந்துபோனார்.

சிவில் பசங்க கவனிக்க வேண்டிய பகுதி இது. அறுபது ஆண்கள், பத்துப் பெண்கள் தங்கும் அளவுக்கு தனித்தனியாகக் கட்டடம் வேண்டும். அதுபோக காலன்பாக்குக்கு ஒரு வீடு, பள்ளிக்கூடம், தச்சு வேலைக்கும் செருப்பு வேலைக்கும் ஒரு பட்டறை. பணம் கிடையாது, மழைக்காலம் வந்தால் கூடாரத்தில் குழந்தைகளை வைத்திருக்க முடியாது. காலன்பாக் தேர்ந்தெடுத்தது நெளி தகரம். மரச் சட்டம், மேலே தகரம், கதவு ஜன்னல் ரெடிமேட். கக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் ஒரு ரவுண்டு போனால் தெரியும், அவசரத்துக்கு இன்றும் நாம் அதைத்தான் செய்கிறோம். கட்டடத்துக்குக் கூலி ஆள் வைப்பதில்லை என்பது முடிவு. காலன்பாக் தன்னிடம் வேலை பார்த்த ஒரு ஐரோப்பியக் கொத்தனாரைக் கொண்டுவந்தார், நாராயணதாஸ் தமானியா என்ற குஜராத்தி தச்சர் காசு வாங்காமல் வந்தார். மண் சுமப்பது, கல் எடுப்பது, மட்டம் பார்ப்பது எல்லாம் அங்கே தங்கியிருந்தவர்களே. நகரத்தில் டிராயிங் போர்டு முன்னாடி நின்று பிளான் போட்டவர் இங்கே தன் பிளானுக்குத் தானே சித்தாள்.

ஊற்று 500 கெஜம் தள்ளி இருந்தது. தோளில் கம்பு வைத்துத் தண்ணீர் தூக்கினார்கள். சமையல், துணி துவைப்பது, கக்கூஸ் சுத்தம் செய்வது எதற்கும் வேலைக்காரர் இல்லை. கழிவைக் குழி தோண்டிப் புதைத்து எருவாக்கினார்கள். தம்பி நாயுடுவிடம் சுகாதாரமும் கடைக்குப் போய் வாங்கிவரும் பொறுப்பும் இருந்தது. கோதுமையை இரும்புத் திரிகையில் அரைத்து, சலிக்காமல் ரொட்டி சுட்டார்கள். வேர்க்கடலையை வறுத்து அரைத்து வெண்ணெய் மாதிரி தடவிக்கொண்டார்கள். நம்ம ஹாஸ்டல் ஜிம் பார்ட்டிகள் இப்போது டப்பாவில் வாங்கும் அதே பீனட் பட்டர்தான், 1910ல் அது ஏழைக்கு ஏற்ற சாமான், சாதாரண வெண்ணெயை விட நாலு மடங்கு மலிவு. இரவு இரண்டு மணி நடைக்குக் கட்டிக்கொண்டு போன சோறு இதுதான். ரொட்டி, கடலை வெண்ணெய், ஆரஞ்சுத் தோலில் செய்த மார்மலேட்.

செருப்பு தைப்பதும் காலன்பாக் வழியாகத்தான் வந்தது. நேட்டாலில் மரியன்ஹில் என்ற இடத்தில் கிறிஸ்தவத் துறவிகளின் மடம் இருந்தது. அங்கே போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார், காந்திக்குச் சொல்லிக் கொடுத்தார், காந்தி பண்ணைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். தன்னைச் சிறையில் போட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்கு காந்தி ஒரு ஜோடி செருப்பு பரிசாகக் கொடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். அந்தத் தொழில் காலன்பாக்கிடம் இருந்து வந்தது என்பது யாருக்கும் தெரியாது.

இங்கே கொஞ்சம் பக்கத்து ரோட்டில் போய்ட்டு வரேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் டகோட்டா புல்வெளியில் பிரம்மாண்டமான கோதுமைப் பண்ணைகள் வந்தன. திவாலான ரயில்வே கம்பெனியின் நிலம், ஆயிரக்கணக்கான ஏக்கர், ஆலிவர் டால்ரிம்பிள் என்பவர் நிர்வாகம். வரிசையாக அறுவடை மெஷின் ஓடுவதைப் பார்க்க ரயில் ஏறிக் கூட்டம் போனது. 1878ல் ஜனாதிபதி ஹேய்ஸே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பெரிய பண்ணை என்றால் வேடிக்கை பார்க்கும் பொருள் என்று ஆகிவிட்ட காலம். டால்ஸ்டாய் பண்ணையும் புல்வெளிதான், அதுக்கும் விருந்தாளிகள் வந்தார்கள். ஆனால் அங்கே காட்டுவதற்கு மெஷின் எதுவும் இல்லை. வந்தவர் கையில் வேலை கொடுத்தார்கள்.

யார் யார் வந்தார்கள்? சிறையில் இருந்து விடுதலையானவர்கள், குடும்பத்தைப் பார்க்க வந்த உறவினர்கள், ஆஸ்துமாவுக்கு வைத்தியம் கேட்டு வந்த ஒரு பெரியவர், அவரைப் போன்ற இன்னும் பலர். லாலி ஸ்டேஷன் மாஸ்டரின் இரண்டு வயதுக் குழந்தைக்கு டைபாய்டு வந்தபோது அவரும் இங்கேதான் உதவி கேட்டார். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் காந்தியைப் பார்க்க வருவார்கள். காந்தியின் தமிழ், ஜி. யு. போப்பின் கைடை வைத்து கப்பலிலும் சிறையிலும் படித்த தமிழ். அதை வைத்துத்தான் பண்ணையில் இருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கொஞ்சம் இலக்கணமும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், எழுத்து தெரியாது. வாத்தியாருக்கு எழுத்து தெரியும், பேச வராது. அதனால் விருந்தாளி வந்தால் மாணவர்கள்தான் வாத்தியாருக்கு மொழிபெயர்ப்பாளர்கள். இதைப் படிச்சப்போ எனக்கு சிரிப்பு வந்துச்சு, அப்புறம் கொஞ்சம் உறைச்சது. எனக்கும் எழுத்து சரியா வந்தது காலேஜ் வந்த பிறகுதான். எங்க பாட்டி பேசினதை எழுதிப் பார்க்கணும்னு நான் ஒருநாளும் நினைச்சதில்ல.

ரொம்பப் பெரிய விருந்தாளி கோகலே. 1912ல் இந்தியாவில் இருந்து வந்தார். உடம்பு முடியாதவர், சர்க்கரை நோயாளி. லாலி ஸ்டேஷனில் இறங்கி ஒன்றரை மைல் நடக்க வேண்டும். எல்லாரும் நடக்கிறார்களே என்று வண்டி ஏற்பாடு செய்ய யாருக்கும் தோன்றவில்லை. அன்றைக்குப் பார்த்து மழை. நனைந்து, குளிர் பிடித்து, காலன்பாக் அறையில் தங்க வைக்கப்பட்டார். காந்தி அவருக்காகத் தனியாக சூப் வைத்தார், சமையலறையில் இருந்து அறைக்கு வருவதற்குள் ஆறிப்போனது. பண்ணையில் கட்டிலே கிடையாது, எங்கிருந்தோ ஒன்று இரவல் வாங்கி வைத்திருந்தார்கள். எல்லாரும் தரையில் படுக்கிறார்கள் என்று தெரிந்ததும் கோகலே கட்டில் வேண்டாம் என்று பிடிவாதமாகத் தரையில் படுத்தார். நீங்கள் எல்லாரும் கஷ்டப்படுவதற்கென்றே பிறந்தவர்கள் மாதிரியும், என்னைப் போன்றவர்கள் உங்களால் சீராட்டப்படவே பிறந்தவர்கள் மாதிரியும் நினைத்துக்கொள்கிறீர்கள் என்ற பொருளில் காந்தியைக் கடிந்தும்கொண்டார். எனக்கு கோகலே பக்கம்தான் நியாயம் என்று படுகிறது.

பாம்பும் வந்தது. புல்வெளி அல்லவா. காலன்பாக் பாம்புகளைப் பற்றிப் புத்தகங்கள் வாங்கிப் படித்து, எது விஷம் எது இல்லை என்று எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தார். ஒரு நாகத்தைக் கூண்டில் வைத்து தன் கையாலேயே சாப்பாடு கொடுத்துப் பழக்கினார். அன்பா வளர்க்கிறோம்னா கூண்டு எதுக்கு என்று காந்தி கேட்ட கேள்விக்கு அவரிடம் பதில் இருந்த மாதிரி தெரியவில்லை. ஒருநாள் அவர் அறைக்குள்ளேயே பாம்பு புகுந்து, விரட்டவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் போனது. கொல்லலாமா என்று ஒரு மாணவன் கேட்டான். காந்தி சரி என்றார்.

எல்லாமே அழகாக இருந்தது என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. பையன்கள் கேலி செய்தார்கள் என்பதற்காக இரண்டு பெண் பிள்ளைகளின் தலைமுடியை காந்தி வெட்டியது அந்தப் பண்ணையில்தான். தப்பு செய்தது யார், முடி போனது யாருக்கு? அதேபோல, அது ஆப்பிரிக்க மண். 1913ல் கறுப்பின மக்கள் பெரும்பாலான இடங்களில் நிலம் வாங்கவே முடியாதபடி ஒரு சட்டம் வந்தது. நிலத்தை தாராளமாகக் கொடுத்த நட்பைப் பற்றிப் படிக்கும்போது, அந்த நிலம் யாரிடம் இருந்து போனது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. பண்ணையின் கதையில் அதற்கு இடமே இல்லை.

காலன்பாக்கும் தலையாட்டி பொம்மை இல்லை. முரட்டுப் பையன்களோடு காந்தியின் சொந்தப் பிள்ளைகளும் பழகுவது சரியில்லை, கெட்டுப்போவார்கள் என்று நேராகவே சண்டை போட்டார். காந்தி கேட்கவில்லை. ரம்ஜான் மாதத்தில் முஸ்லிம் பையன்கள் நோன்பு வைத்தபோது, அவர்களுக்குத் துணையாக மற்றவர்களும் சாயங்காலம் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டார்கள். இதற்கெல்லாம் முன்பு மாதம் 1,200 ரூபாய் செலவு செய்துகொண்டிருந்த ஆள் ஈடுகொடுத்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

கோகலே வந்துபோன பிறகு, 1913 ஜனவரியில் பண்ணை கலைந்தது. அரசாங்கத்தோடு சமரசம் வந்துவிடும் என்று நம்பினார்கள். மிச்சம் இருந்தவர்கள் ஃபீனிக்ஸுக்குப் போனார்கள். காலன்பாக் நகரத்துக்கு, தொழிலுக்குத் திரும்பினார். என் கணக்கில் அவர் கதையின் பெரிய பகுதி இதற்குப் பிறகுதான்.

ஒப்பந்தக் கூலிகளாக 1860ல் இருந்து மெட்ராஸ் துறைமுகம் வழியாக நேட்டாலுக்குப் போனவர்களில் நிறைய பேர் வட ஆற்காடு, செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள். இன்றைய நம்ம திருவள்ளூர் அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருந்தது. ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கினால் ஆளுக்கு வருஷம் மூன்று பவுண்டு வரி, பெண்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் சேர்த்து. அதை எடுத்துவிடுவார்கள் என்று கோகலே நம்பிக்கையோடு போனார், எடுக்கவில்லை. அதே வருஷம், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று அர்த்தம் வருகிற மாதிரி ஒரு கோர்ட்டு தீர்ப்பும் வந்தது.

அப்போது முதலில் கிளம்பியவர்கள் டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த பெண்கள். பதினொரு பேர், ஒருவரைத் தவிர எல்லாரும் தமிழ்ப் பெண்கள். தம்பி நாயுடுவின் மனைவியும் அதில் ஒருவர். சிலர் கையில் குழந்தை. நேட்டாலுக்குள் போய், நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை பார்த்தவர்களிடம் வரியைப் பற்றிப் பேசினார்கள். சுரங்கம் நின்றது. பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல். வேலையை விட்டு வெளியே வந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு வீடு கிடையாது, ஏனென்றால் வீடு முதலாளியுடையது. அவர்களை எங்கே கூட்டிக்கொண்டு போவது?

பதில் அந்த 1,100 ஏக்கர்தான். எல்லையைத் தாண்டி டிரான்ஸ்வாலுக்குள் நடப்பது, வழியில் கைது செய்தால் சிறை, செய்யாவிட்டால் ஒரு நாளைக்கு இருபது, இருபத்துநாலு மைல் வீதம் எட்டு நாளில் டால்ஸ்டாய் பண்ணை. 1913 நவம்பர் 6ஆம் தேதி காலையில் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் புறப்பட்டார்கள். காலன்பாக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். வருபவர்களையே வைத்து மண் குடிசைகள் கட்டிக்கொள்ளலாம், அதுவரை வயதானவர்களையும் முடியாதவர்களையும் சின்னக் கூடாரங்களில் தங்க வைக்கலாம். ஒரே பயம், மழைக்காலம் ஆரம்பிக்கப்போகிறது. எழுபது பேருக்குத் தகரக் கொட்டகை கட்டிய இடத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேருக்கு ஒரு ஊர். ஒரு ஆர்க்கிடெக்டுக்கு அதைவிடப் பெரிய வேலை வருமா?

அதற்கு முன்னாடி எல்லை ஊரான வோல்க்ஸ்ரஸ்டில் வெள்ளைக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். இந்தியர்கள் உள்ளே வந்தால் சுடுவோம் என்கிற அளவுக்குப் பேச்சு. காலன்பாக் தனியாக அந்தக் கூட்டத்துக்குப் போய், இவர்கள் உங்கள் நிலத்தைப் பிடிக்க வரவில்லை, வரியை எதிர்த்து சிறைக்குப் போக வருகிறார்கள் என்று விளக்கினார். ஒருத்தர் எழுந்து சண்டைக்குக் கூப்பிட்டார். ஆள் சாண்டோவின் சீடர், ஒரே குத்தில் முடித்திருக்கலாம். சமாதான வழியை ஏற்றுக்கொண்டுவிட்டேன், திருப்பி அடிக்க மாட்டேன், நீ செய்வதைச் செய் என்று சொல்லிவிட்டு, பேச வந்ததைத் தொடர்ந்து பேசினார். யாரும் அடிக்கவில்லை.

பேரணி பண்ணைக்குப் போய்ச் சேரவில்லை. நவம்பர் 10ஆம் தேதி பால்ஃபோர் என்ற இடத்தில் மறித்து, எல்லாரையும் மூன்று ஸ்பெஷல் ரயில்களில் ஏற்றி நேட்டாலுக்கே திருப்பி அனுப்பினார்கள். காந்தி, போலக், காலன்பாக் மூன்று பேரும் கைது. கோர்ட்டில் சாட்சி போதாமல் போக, ஒருவருக்கு எதிராக ஒருவர் சாட்சி சொல்லி தண்டனை வாங்கிக்கொண்ட விநோதமும் நடந்தது. காலன்பாக்குக்கு மூன்று மாதம். டிசம்பர் 18 அன்றே விட்டுவிட்டார்கள். மண் குடிசைகள் பிளானாகவே நின்றுவிட்டன.

1914ல் வரி போனது, திருமணங்கள் செல்லும் என்று ஆனது. அதற்குள் சிறையில் காய்ச்சல் பிடித்து வெளியே வந்த வள்ளியம்மை பதினாறு வயதில் இறந்துபோயிருந்தாள். ஜூலையில் காந்தியும் கஸ்தூர்பாவும் காலன்பாக்கும் ஒன்றாக லண்டனுக்குக் கப்பல் ஏறினார்கள், மூன்றாம் வகுப்பு. அங்கிருந்து இந்தியா. காலன்பாக் தொழிலை விட்டுவிட்டு காந்தியோடு இந்தியாவிலேயே வாழ்வது என்று முடிவு. கப்பலில் அவரிடம் விலை உயர்ந்த பைனாகுலர் இருந்தது. எளிமைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று தினமும் விவாதம். கடைசியில் ஏழு பவுண்டு பைனாகுலர் அட்லாண்டிக்கில் போனது. எனக்கு இன்னும் மனசு கேட்கல, யாருக்காவது கொடுத்திருக்கலாம்.

லண்டன் வந்து சேரும்போது முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது. காலன்பாக் பேப்பரில் ஜெர்மன் குடிமகன். இந்தியாவுக்குப் போக அனுமதி வேண்டும். காந்தி வைஸ்ராய் வரைக்கும் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. டிசம்பரில் காந்தியும் கஸ்தூர்பாவும் மட்டும் புறப்பட்டார்கள். 1915ல் காலன்பாக்கை எதிரி நாட்டுக்காரர் என்று ஐல் ஆஃப் மேன் தீவு முகாமில் அடைத்தார்கள். 1917ல் கைதிகள் பரிமாற்றத்தில் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். 1920ல்தான் ஜோகன்னஸ்பர்க் திரும்பினார். சபர்மதி ஆசிரமம், சம்பாரண், அகமதாபாத், ரவுலட், ஜாலியன்வாலாபாக் எல்லாம் அதற்குள் நடந்து முடிந்திருந்தது. ஒரு பாஸ்போர்ட் கிடைத்திருந்தால் நம்ம பாடப்புத்தகத்தின் அந்தப் பக்கங்களில் சட்டைக் கையை மடித்துவிட்ட ஒரு ஆர்க்கிடெக்டும் இருந்திருப்பார்.

திரும்பிப் போனவர் மறுபடியும் கட்டடம் கட்டினார். மறுபடியும் பணக்காரர் ஆனார். கடிதங்கள் போய்வந்தன. 1937ல், இருபத்துமூன்று வருஷம் கழித்து, குஜராத் கடற்கரையில் தீதல் என்ற ஊரில் காந்தியை நேரில் பார்த்தார். அப்போது அவருக்கு வயது 66. ஹிட்லர் ஆட்சியில் யூதர்கள் படும் பாட்டை காந்திக்குப் புரிய வைக்கவும்தான் வந்திருந்தார், யூதர்களுக்கென்று ஒரு நாடு வேண்டும் என்ற இயக்கத்தின் சார்பில். அந்த விஷயத்தில் ரெண்டு பேருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஹிட்லருக்கு எதிராக யூதர்கள் அகிம்சையில் நிற்க வேண்டும் என்ற காந்தியின் நிலையை, அகிம்சைக்காக 1,100 ஏக்கரையும் உடம்பையும் கொடுத்த இந்த மனுஷனாலேயே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆனாலும் 1939ல் மறுபடியும் வந்தார், சேவாகிராமில் தங்கினார், மலேரியா வந்து படுத்தார், காந்தி பார்த்துக்கொண்டார்.

1945 மார்ச் 25 அன்று காலன்பாக் இறந்தார். சொத்தில் ஒரு பகுதியை தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்கு எழுதி வைத்திருந்தார். அஸ்தி பாலஸ்தீனத்தில் தெகானியா என்ற கூட்டுப் பண்ணையில் அடக்கம் செய்யப்பட்டது. எல்லாரும் சேர்ந்து உழைத்துச் சேர்ந்து சாப்பிடும் இடம் அது. 2015ல் லிதுவேனியாவில் ரூஸ்னே என்ற ஊரில் காந்தியும் காலன்பாக்கும் சேர்ந்து நிற்கும் சிலை வைத்தார்கள்.

டால்ஸ்டாய் பண்ணையில் தகரக் கொட்டகைகள் எப்போதோ போய்விட்டன. பழ மரங்களும் இல்லை. கொஞ்சம் அஸ்திவாரக் கற்கள் மட்டும் மிச்சம். அந்த நிலத்தில் பிற்பாடு வந்தது செங்கல் தொழிற்சாலை. நம்ம திருவள்ளூர் பக்கம் வயலெல்லாம் சூளையாக மாறின மாதிரியே. லாலி ஸ்டேஷன் இன்னும் இருக்கிறது.